தங்க நிறத்தில் ஒன்று, கறுப்பில் ஒன்று

எந்தப் பொருளையும் வாங்க எனக்கு அதிக நேரம் பிடிக்காது. கிள்ளான் பாசாரில் மீனைப் பார்த்த மாத்திரத்தில் இது வேண்டும், அது வேண்டாம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். தீபாவளிச் சேலையும் அப்படித்தான். கடைக்காரப் பெண் இரண்டாவது சேலையைப் பிரிப்பதற்குள் முதல் சேலை என் பையில் இருக்கும். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று என் தங்கை என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அப்படிப்பட்ட நான் ஒரு லேப்டாப் வாங்கத் தைப்பூசம் முடிந்த கையோடு புறப்பட்டு, சித்திரைப் புத்தாண்டு வந்த பிறகும் வெறுங்கையோடு திரிந்துகொண்டிருந்தேன். ஏன் என்று கேட்டவர்களிடமெல்லாம், "ஸ்டைலா, பெர்ஃபாமன்ஸா, அதான் முடிவு பண்ண முடியல" என்று சொன்னேன். அது பாதி உண்மை.

என் தொழில் கார்டும் பேனரும். கல்யாணப் பத்திரிகை, பிறந்தநாள் பேனர், கருமக்கிரியை அட்டை, கோயில் திருவிழாத் தட்டி எல்லாம் கிள்ளானில் என் வீட்டு முன்னறையில்தான் உருவாகும். வீட்டில் நான் மட்டும்தான். கல்யாணம் செய்துகொள்ள வேண்டிய வயது அப்பாவின் வைத்தியத்தில் போயிற்று. அப்பாவும் போன பிறகு அதைப் பற்றிக் கேட்கவும் ஆளில்லாமல் போயிற்று. அடுத்தவர்களின் கல்யாணத்துக்குக் குத்துவிளக்கும் மயிலும் வரைந்து கொடுத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவந்தேன்.

இந்த வேலையில் என் உயிரை வாங்குவது கோயில் பேனர்தான். நடுவில் அம்மன். அவளால் ஒரு தொந்தரவும் இல்லை, எந்த அளவில் வைத்தாலும் சிரித்தபடி இருப்பாள். தொந்தரவெல்லாம் கீழ் வரிசையில் வருகிற நிர்வாகத்தினரின் தலைகளால்தான். தலைவரின் தலை மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். செயலாளரின் தலை பொருளாளரின் தலைக்குச் சிறுத்துவிடக் கூடாது. ஆளுக்கொரு படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். ஒருவர் தோளில் மனைவியின் கை மட்டும் தெரியும், இன்னொருவர் வாயில் பாதி வடை இருக்கும். எல்லாரையும் வெட்டியெடுத்து, சுத்தம் செய்து, ஒரே மாதிரிச் சட்டை போட்டுவிட வேண்டும். அந்த வருடம் தெலுக் பங்லிமா காராங் பக்கத்துக் கோயில் ஒன்றில் நெடுநாளாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு கோஷ்டியும் சமாதானமாகிவிட்டன. நல்ல விஷயம்தான். ஆனால் பேனரில் தலைகள் இரண்டு மடங்காகிவிட்டன. என் பழைய லேப்டாப் அந்தச் சமாதானத்தைத் தாங்கவில்லை.

தலைநகரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் நான் வழக்கமாக அச்சடிக்கக் கொடுக்கும் கடையில் உட்கார்ந்து, தலைவரின் தலையை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன். கடைசி நேரத்தில் வந்த உத்தரவு அது. பாதியில் திரை அப்படியே உறைந்தது. நான் காத்திருந்தேன். திட்டினேன். பிறகு ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

"ஏனுங்க, அதைப் போட்டு அடிக்காதீங்க. நான் வேணும்னா பார்க்கட்டுங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

கடவுச்சீட்டை நகலெடுக்க வந்து நின்றுகொண்டிருந்தவர். தேய்த்த சட்டை, முன்பக்கம் கொஞ்சம் ஏறிய நெற்றி, நாற்பதைத் தாண்டிய முகம். ஈரோட்டுப் பக்கம் சொந்த ஊர். இங்கே ஒரு கம்பெனியில் கணினி வேலை செய்ய பெர்மிட்டில் வந்து, பிரிக்ஃபீல்ட்ஸில் தன்னைவிட ரொம்ப இளையவர்களோடு ஒரு வீட்டைப் பகிர்ந்துகொண்டு இருந்தார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. எங்கள் ஊரில் முன்பின் தெரியாத எந்த ஆணையும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். கோழி வெட்டுகிறவர் அண்ணே, பஸ் ஓட்டுகிறவர் அண்ணே. அந்த வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. ஏனோ அதை விழுங்கிவிட்டு, "பாருங்க" என்று மட்டும் சொல்லி நகர்ந்து உட்கார்ந்தேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அவர் எதையெதையோ அழுத்தி, பேனரைக் காப்பாற்றி என் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். "இது இனிமேல் தாங்காதுங்க. புதுசு வாங்கிடுங்க. வாங்கறப்பச் சொல்லுங்க, சனிக்கிழமை எனக்கு லீவுதான், கூட வந்து பார்த்துத் தர்றேன்" என்றார். சொல்கிறவர்கள் எல்லாரும் வந்துவிடுகிறார்களா என்ன என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை நான் கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் என்ற புறநகர் ரயிலில் வந்து பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்து சென்ட்ரல் நிலையத்தில் இறங்கியபோது அவர் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார்.

புக்கிட் பிந்தாங்கில் மாடிக்கு மாடி கணினியாகவே விற்கிற கட்டடம். உள்ளே நுழைந்து சுற்றியதில், தேர்வு சீக்கிரமே இரண்டில் வந்து நின்றது. ஒன்று தங்க நிறம். வெயிலில் பார்த்தால் ரோஜா நிறம் கலந்தது மாதிரி இருக்கும். ஒரு கையால் தூக்கிவிடலாம், அவ்வளவு மெல்லிசு. இன்னொன்று கறுப்பு, கனம், மூலைகள் எல்லாம் முரட்டுத்தனமாக இருந்தன. இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை, அதனால் பணம் எங்கள் பேச்சில் வரவே இல்லை.

"அது அழகுங்க, நான் இல்லைன்னு சொல்லல" என்றார் தங்க நிறத்தைக் காட்டி. "ஆனா உள்ளுக்கு மூச்சு விட எடமில்ல. உங்க பேனரைத் திறந்தீங்கன்னா சூடாகி நின்னுக்கும். இந்தக் கறுப்பு பார்க்கச் சுமார்தான். ஆனா நம்பலாம். எத்தனை தலை வந்தாலும் தாங்கும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவருக்குக் காரணம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எங்கள் வீட்டில் எந்தப் பொருளையும் உழைக்குமா என்று பார்த்துத்தான் வாங்குவார்கள். பள்ளிக்கூடச் சப்பாத்து ஒரு அளவு பெரிது, புத்தகப் பை அழுக்குத் தெரியாத நிறம். உறவுக்காரர்கள் வந்தால் தங்கையைப் பார்த்து எவ்வளவு லட்சணம் என்பார்கள். என்னைப் பார்த்து, பெரியவ நல்லா வேலை செய்வா என்பார்கள். பார்க்கச் சுமார், ஆனால் நம்பலாம். நாற்பது வயதுக்கு மேல் ஒரு கடையில் நின்றுகொண்டு அதையே ஒரு கறுப்புப் பெட்டியைப் பற்றிக் கேட்டபோது, அந்தப் பெட்டி மேல் பரிதாபமும் அவர் மேல் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

"எனக்கு அழகா வேணும்" என்றேன்.

"வேலைக்குத்தானுங்க வாங்கறீங்க?"

"வேலை செய்றவ கையில அழகான சாமான் இருக்கக் கூடாதா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இருக்கலாங்க, தாராளமா இருக்கலாம். அப்ப இன்னொரு வாரம் யோசிப்போம்" என்றார். அந்த இன்னொரு வாரம் என்பதில்தான் எல்லாம் தொடங்கியது.

அடுத்த சனிக்கிழமை நான் பென்டிரைவோடு போனேன். கடையில் உள்ள ஒவ்வொரு லேப்டாப்பிலும் என் கோயில் பேனரைத் திறந்து பார்த்துத்தான் முடிவு செய்வேன் என்று அறிவித்தேன். அவரும் அது நியாயம் என்றார். ஒரு லேப்டாப்பில் அம்மன் வந்தாள், தலைகள் வரவில்லை. இன்னொன்றில் தலைவர் மட்டும் தனியாக வந்து நின்றார். சிறிது நேரத்தில் அந்த மாடி முழுக்கத் தெலுக் பங்லிமா காராங் தலைவர் ஐயா தரிசனம் தந்துகொண்டிருந்தார். கடையில் விற்றுக்கொண்டிருந்த சீனப் பெண் தலைவரைக் காட்டி என்னிடம், இவர் உங்கள் அப்பாவா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். என்கூட வந்தவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவ்வளவு அடக்கமான ஆளுக்குள் அப்படி ஒரு சிரிப்பு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கடையிலிருந்து மோனோரயிலில் பிரிக்ஃபீல்ட்ஸ் திரும்பி, ஓரக்கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரே டீயும் வடையும். இது இரண்டாவது வாரத்திலேயே வழக்கமாகிவிட்டது. காலையில் நான் ரயிலை விட்டு இறங்கியதும், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்பேன். எங்களுக்கு அது காலைச் சாப்பாட்டைப் பற்றிய சாதாரண விசாரிப்பு. அவருக்கு அது ஒவ்வொரு முறையும் ஆச்சரியம்.

"எங்க ஊர்ல இப்ப எல்லாரும் டிபன் ஆச்சான்னுதான் கேட்கறாங்க. நீங்க பசியாறிட்டீங்களான்னு கேட்டா, நிஜமாலுமே என் பசியைப் பத்திக் கவலைப்பட்டுக் கேட்கற மாதிரி இருக்குதுங்க."

"கவலைப்பட்டுத்தான் கேக்குறேன்" என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன். "உங்ககிட்ட ஒரு நாளைக்கு எத்தனை 'ங்க' ஸ்டாக் இருக்கு? வடை வைக்கிற அண்ணேகிட்டகூட ரெண்டு குடுத்துட்டீங்க" என்று சொன்னேன். அவர் அதற்கும் "சரிங்க" என்றார்.

அவர் கல்யாணமாகி, ஒத்துவராமல் பிரிந்தவர். பிள்ளை இல்லை. ஊரில் அப்பாவும் அம்மாவும் மட்டும். இதை அவர் சுயபச்சாதாபமே இல்லாமல், வடையைப் பிட்டுக்கொண்டே சொன்னார். அப்பாவைப் படுக்கையில் வைத்துப் பார்த்த வருடங்களை நானும் அப்படித்தான் சொன்னேன். யாரிடமும் நான் சொல்லாத விஷயம் அது. சொல்லி முடித்ததும் அவர் இன்னொரு தே தாரே சொன்னார், ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு வந்த வாரங்களில் நான் கேட்ட கேள்விகளை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. சாவிப்பலகையில் எழுத்து தேய்ந்துபோனால் என்ன செய்வது. சார்ஜர் எந்தப் பக்கம். திரையைப் பின்னால் எவ்வளவு சாய்க்கலாம். ஒரு வாரம், கறுப்பு ரொம்பக் கனம், ரயிலில் எப்படித் தூக்குவேன் என்றேன். அவர் அதையும் நிஜமான கேள்வியாக எடுத்துக்கொண்டார். பிரிக்ஃபீல்ட்ஸ் மளிகைக் கடைக்குள் நுழைந்து, தராசில் நிறுத்துப் பார்த்து, கிட்டத்தட்ட அதே எடைக்கு ஒரு அரிசிப் பொட்டலம் வாங்கி என் தோள்பையில் வைத்தார். "ஒரு வாரம் இதோட நடந்து பாருங்க. தோள் வலிச்சா மெல்லிசையே பார்ப்போம்" என்றார். ரயில் கிள்ளான் போய்ச் சேரும்வரை அந்த அரிசியை மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருந்தது. இறக்கி வைக்க மனம் வரவில்லை.

அந்த வாரம் வீட்டுக்கு வந்த தங்கை என் தோள்பையை நகர்த்தப் போய், உள்ளே கையை விட்டாள்.

"ஏன்க்கா அரிசியைத் தூக்கிக்கிட்டு அலையுற?"

சொன்னேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ லேப்டாப் பார்க்கிறியா, மாப்பிள்ளை பார்க்கிறியா?" என்று ஒரு போடு போட்டாள். "சொல்லு, நான் போய்ப் பேசுறேன் லா. இதுல என்ன வெட்கம்?"

"வாயை மூடிக்கிட்டு உன் வேலையைப் பாரு" என்றேன். என் கோபம் அவளுக்குத் தெரியும். மூடிக்கொண்டாள். அவள் போன பிறகு அந்த அரிசியை அலமாரியில் வைத்துவிட்டு வெகுநேரம் சமையலறையிலேயே நின்றேன்.

அவள் சொன்னதுதான் விஷயம். லேப்டாப்பை வாங்கிவிட்டால் சனிக்கிழமை இல்லை. அதற்குப் பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போவேன்? ஒரு பொருளை வாங்க உதவ வந்தவர், வாங்கியதும் போய்விடுவார். எங்களுக்கு நடுவில் இருந்தது அந்த வாங்காத லேப்டாப் ஒன்றுதான். அதை வாங்காமல் காப்பாற்றுவதே என் வாரத்தின் முக்கிய வேலையாகிவிட்டது. இதற்கிடையில் பழையதில் ஒரு கல்யாணக் கார்டை முடிப்பதற்குள் மணமக்களே வந்து, ஆன்டி, நாங்க கல்யாணம் முடிச்சப்புறம்தான் தருவீங்களா என்று கேட்கிற நிலை வந்துவிட்டது. இனியும் தள்ள முடியாது.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஸ்டைலா பெர்ஃபாமன்ஸா என்பதை நான் இதுவரை தப்பாக எடை போட்டுக்கொண்டிருந்தேன். கறுப்பை வாங்கினால் அது நிற்காமல் ஓடும். ஒரு பிரச்சினையும் வராது. பிரச்சினை வராவிட்டால் அவரை எதற்குக் கூப்பிடுவது? தங்க நிறமோ, அவரே சொன்ன மாதிரி, மாதத்துக்கு ஒரு முறையாவது சூடாகி நிற்கும். தைப்பூசச் சமயத்தில் வாரத்துக்கு ஒரு முறை நிற்கும். ஒவ்வொரு முறையும் அவர் வந்து பார்க்க வேண்டியிருக்கும். வராமல் இருக்கிற ஆளும் இல்லை. அழகுக்கு அழகு, ஆளுக்கு ஆள். இவ்வளவு சுலபமான கணக்கு எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை என்று ஆச்சரியப்பட்டேன். அந்தச் சனிக்கிழமை நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன்.

சீனப் பெண்ணுக்கு எங்களைப் பார்த்ததும் சிரிப்பு. "ஆன்டி, யுவர் ஹஸ்பண்ட் வெரி பேஷன்ட் லா" என்றாள், உங்கள் கணவருக்கு ரொம்பப் பொறுமை என்று. நான் அதைத் திருத்தியிருக்க வேண்டும். அவரும் திருத்தியிருக்கலாம். அவர் குனிந்து ஏதோ ஒரு லேப்டாப்பின் பக்கவாட்டு ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சில நொடிகள் நான் அவருடைய மனைவியாக இருந்தேன், சந்தோஷமாக இருந்தேன்.

"முடிவு பண்ணிட்டேன். தங்க நிறம்தான்" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். முகம் சரியில்லை. "இன்னிக்கு வாங்கிடலாங்க. ஆனா அது வேண்டாம்" என்றார்.

"ஏன்?"

"நான் ஊருக்குப் போறேங்க. இந்த மாசக் கடைசியில. இங்க புராஜெக்ட் முடிஞ்சுருச்சு, பெர்மிட்டைப் புதுப்பிக்கல. அப்பாவுக்கும் முன்ன மாதிரி நடக்க முடியறதில்லை. போய்த்தான் ஆகோணும்."

"எப்ப தெரியும்?"

"போன மாசமே தெரியுங்க."

"போன மாசமே தெரிஞ்சும் வாரா வாரம் என்கூட வந்து சார்ஜர் எந்தப் பக்கம்னு பார்த்துக்கிட்டு இருந்தீங்களா?" என் குரல் உயர்ந்துவிட்டது. சீனப் பெண் மெதுவாக நகர்ந்து போனாள். "ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் என்ன வேலை இல்லாமலா கிள்ளான்லேருந்து வரேன்?"

"சொல்லிட்டா நீங்க அன்னிக்கே வாங்கிடுவீங்கன்னு தோணுச்சுங்க" என்றார்.

கோபம் மட்டும் இருந்தது, அதை வைக்க இடம் இல்லை. அவர் மேல் வைக்க முடியாது, அவரும் என்னைப் போலவே தள்ளிப்போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சீனப் பெண்ணைக் கூப்பிட்டு, "இந்தத் தங்கக் கலரையே கட்டிக் குடுங்க" என்று பிடிவாதமாகச் சொன்னேன். தமிழில் சொன்னேன். அவளுக்கு எப்படிப் புரியும், அப்படியே நின்றாள்.

அவர் அந்த லேப்டாப்பின் மூடிமேல் கையை வைத்தார். "வேண்டாங்க. நான் இங்க இருக்கறதா இருந்தா அதையேதான் வாங்கச் சொல்லியிருப்பேன். நின்னா வந்து பார்த்திருப்பேன். எத்தனை தடவை நின்னாலும் வந்திருப்பேன்" என்றார். "இப்ப உங்களுக்கு நிக்காத மெஷினா ஒண்ணு இருக்கோணும். அப்பத்தான் நான் அங்க நிம்மதியா இருக்க முடியும்."

கறுப்பைத்தான் வாங்கினோம்.

ஏன் நீங்கள் கேட்கவில்லை என்று யாராவது கேட்கலாம். கேட்பது எப்படி என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை என்பதுதான் உண்மை. எங்கள் பக்கத்தில் கல்யாணப் பேச்சை நாமாக எடுப்பதில்லை. யாராவது ஒரு ஆள் வந்து, தட்டை வைத்து, நாலு வார்த்தை வேறு எதையோ பேசிவிட்டுப் பிறகு விஷயத்துக்கு வருவார்கள். சம்பந்தப்பட்டவர்கள் உள்ளறையில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தால் போதும். ஈரோட்டுப் பக்கமும் அப்படித்தான் என்று அவர் ஒரு முறை சொல்லியிருந்தார். அவருக்காகக் கிள்ளானில் வந்து பேச யாரும் இல்லை. எனக்காகப் பேச ஒருத்தி இருந்தாள், அவள் வாயை நானே மூடி வைத்திருந்தேன். வயது இத்தனை ஆகியும் இரண்டு பேரும் உள்ளறையிலேயே உட்கார்ந்திருந்தோம்.

வாங்கிய அன்று ஓரக்கடை மேசையிலேயே வைத்து எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தார். பழையதிலிருந்த கார்டுகள், மயில்கள், அம்மன்கள், தலைகள் எல்லாம் புதியதற்கு வந்தன. கடைசியாக, ஊரிலிருந்தபடியே என் லேப்டாப்பைத் திறந்து பார்த்துச் சரிசெய்ய ஒரு மென்பொருளையும் போட்டார். "ஏதாச்சும் ஒண்ணுன்னா கூப்பிடுங்க. இதைத் திறந்து, அதுல வர்ற நம்பரை எனக்குச் சொன்னாப் போதும், அங்கிருந்தே பார்த்துக்குவேன்" என்றார். அன்று வடை ஆறிப்போனது, யாரும் தொடவில்லை. விமான நிலையத்துக்கு நான் போகவில்லை. போனால் அங்கே யாரென்று நிற்பது?

கறுப்பு லேப்டாப் அவர் சொன்னபடியே இருந்தது. அம்மனைத் திறந்தால் அம்மன் வந்தாள், தலைகளைத் திறந்தால் எல்லாத் தலைகளும் ஒழுங்காக வரிசையில் வந்தன. தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பினார், நானும் அனுப்பினேன். பொங்கலுக்கு ஒரு பானைப் படம். நடுவில் ஒரு முறை, லேப்டாப் நல்லா ஓடுதுங்களா என்று கேட்டு எழுதியிருந்தார். நல்லா ஓடுது என்று பதில் எழுதினேன். பதில் எழுதிவிட்டு அந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை உடைத்துப் போடலாம் போல இருந்தது.

மறுபடியும் தைப்பூச வேலை வந்தது. இந்த முறையாவது நிற்கும் என்று காத்திருந்தேன், அது அசைந்துகொடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை மதியம், வேலையை எல்லாம் முடித்துவிட்டு, என்னிடம் இருந்த அத்தனை கோயில் பேனர்களையும் ஒரே நேரத்தில் திறந்தேன். கிள்ளான், டெங்கில், கேரித் தீவு, எல்லா ஊர்த் தலைவர்களும் செயலாளர்களும் பொருளாளர்களும் எழுந்து வந்தார்கள். விசிறி கொஞ்சம் சத்தமாகச் சுற்றியது. நில்லு, ஒரே ஒரு தடவை நில்லு என்று வாய்விட்டே சொன்னேன். அது எல்லாரையும் திறந்து காட்டிவிட்டு, அடுத்து என்ன என்பது போல இருந்தது. எல்லாவற்றையும் மூடினேன். கண் கலங்கிவிட்டது. ஒரு கணினி நன்றாக வேலை செய்கிறது என்று அழுத பொம்பளை கிள்ளானில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பிறகு போனை எடுத்து அவரைக் கூப்பிட்டேன். அங்கே இன்னும் காலைப் பொழுதுதான்.

"என்னங்க, நின்னுருச்சுங்களா?" என்று எடுத்ததுமே கேட்டார். அந்தக் குரலில் ஒரு அவசரம் இருந்தது.

ஆமாம் என்று சொல்லிவிடலாம். நாக்கில் தயாராக இருந்தது. ஆனால் அந்தக் குரலிடம் பொய் சொல்ல முடியவில்லை.

"இல்ல. நல்லா ஓடுது. நிக்கவே மாட்டுது" என்றேன். "என்ன செஞ்சாலும் நிக்க மாட்டுது. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"சரிங்க" என்றார் கடைசியில். "நம்பரைச் சொல்லுங்க. இருந்தாலும் ஒரு தடவை பார்த்துடறேன்."

மென்பொருளைத் திறந்து, திரையில் வந்த எண்ணைப் படித்தேன். அவர் திருப்பிச் சொன்னார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு என் திரையில் இருந்த அம்புக்குறி தானாக நகர்ந்தது. நான் மவுஸிலிருந்து கையை எடுத்தேன். அது இடது பக்கம் போனது, ஒரு கோப்பின் மேல் நின்றது, திறக்கவில்லை. கீழே வந்தது. மறுபடியும் மேலே போனது. எதையும் அழுத்தவில்லை.

"என்ன பார்க்கிறீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லீங்க" என்றார். "ஒரு பிரச்சினையும் இல்லை. நீங்க அப்படியே இருங்க."

நான் கையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த அம்புக்குறி போகிற இடமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.